அண்ணியின் கெண்டைக்கால்

மார்ச் 3, செவ்வாய்
நேற்றிரவும் அண்ணிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் இருந்த எனக்கே தூக்கம் கலைந்தது. அண்ணனின் குறட்டை கலையவில்லை. போய்ப் பார்த்தால் தலையணையைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். சதை கல்லாகக் கிடந்தது. "நரம்பு இழுக்குது. தானா விட்டுரும், நீ போய்த் தூங்கு" என்றாள். காலையில் எதுவும் நடக்காததுபோலத் துணிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள். நாள் முழுக்க நின்றபடியே துணி விரித்துக் காட்டுகிற வேலை. எந்த மண்ணில் செய்த உடம்போ.

மார்ச் 5
"நரம்புக் கோளாறுன்னா சும்மாவா? வேலையை விட்டுடு." அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டான். நரம்பு நரம்பு என்று சொல்லிச் சொல்லி நாங்கள்தான் கிலியைக் கிளப்பிவிட்டோம். அடுத்த மாதம்தான் கடையில் அண்ணியை மாடித்தளத்துக்கே பொறுப்பாக்கப் போகிறார்கள்.

மார்ச் 7
நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நரம்பு நல்லாத்தான் இருக்கு. இழுக்கறது சதைம்மா. நாள் பூரா நிக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அண்ணி தரையைப் பார்த்தாள். "கடையில குடிக்கறதில்ல டாக்டர்."

ஏனாம்? கழிவறைக்குப் போக மேனேஜரிடம் கேட்கணுமாம். வாடிக்கையாளர்கள் முன்னால் அந்த ஆளிடம் எப்படிக் கேட்பது என்று, சாயங்காலம் வரை தொண்டையை நனைப்பதே இல்லையாம். பதினோரு வருஷமாக. அடிப்பாவி, அதோடுதான் அத்தனை பேரிடமும் சிரித்துப் பேசினாயா?

மார்ச் 9
படுக்குமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் எழாமல் நிற்கிறாள். டாக்டர் சொன்ன பயிற்சி. "சுவரைத் தள்ளி ரூமைப் பெரிசாக்கறியா?" என்றான் அண்ணன். "நீங்களும் கை குடுங்க, சீக்கிரம் ஆகும்." சிரித்துவிட்டேன்.
ஆனால் கடைக்குப் போன தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பியது.

மார்ச் 12
மறுபடி பிடித்தது. இந்தத் தடவை அண்ணனே எழுந்து, அவள் கால்விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடித்தான். சதை இளகியதும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். "இன்னும் அந்தக் கடைக்குப் போகணுமா?"
"போகணும்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 20
படுக்கை விரிப்பு வாங்க அண்ணியின் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். அண்ணி பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். விரித்த துணியை அவர் கையில் கொடுத்தாள். "சார், ஒண்ணுக்குப் போயிட்டு வரேன். இவங்களைக் கொஞ்சம் பாத்துக்குங்க." கேட்கிற குரலே இல்லை. அந்தச் சொல்லை இவ்வளவு கம்பீரமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேனேஜர் துணியும் கையுமாக விழித்தார். அண்ணி திரும்பி வந்ததும் அடுத்த மேசைப் பெண் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"சார், நானும்."