முறுக்குக் குழல் டப்பாவில் இருந்த மிட்டாய்

அப்பா,

இன்று மதியம் முறுக்குக் குழலை எடுக்க அலமாரியின் அடித்தட்டில் இருந்த தகர டப்பாவைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை வந்தது. அச்சுகளுக்கு அடியில் அந்தப் பாக்கெட் கிடந்தது. மிட்டாய்கள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்றிரண்டு எறும்புகள் செத்துக் கிடந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருப்பது வெகுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

நாளைக் காலை ராமேஸ்வரம் போகிறோம். உங்கள் வருஷத் திதியை அங்கே கொடுக்கலாம் என்று தம்பி சொன்னான். அவன் நேற்றே கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டான். வழிக்குத் தின்ன நான் முறுக்கு சுடுகிறேன். துக்கம் நடந்த வீடு என்று தீபாவளிக்குக்கூட எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அதனால்தான் இந்த டப்பா இத்தனை மாதம் திறக்கப்படாமல் இருந்திருக்கிறது.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் நாம் கிளம்பியதும் இதே ராமேஸ்வரத்துக்குத்தான். காலமெல்லாம் கம்பெனி ஷிப்ட் பஸ் ஓட்டியவர் நீங்கள். சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். ஆனால் கடலைப் பார்த்ததில்லை. "ஒருக்கா பாத்துட்டு வந்துட்டா போதும் பாப்பா, குளிக்கக்கூட வேணாம்" என்று நீங்கள் சொன்னதற்காகவே அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். உங்களைக் கடலுக்குக் கூட்டிப் போகிற மகள் என்ற பெருமை எனக்கு ஏகத்துக்கும் இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் பையைக் கட்டினேன். உங்களுக்குச் சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனில் வருகிற வீடியோக்களை எல்லாம் பார்த்து நானே பாதி டாக்டராகிவிட்டிருந்தேன். கேழ்வரகு முறுக்கு, வறுத்த கடலை, வெள்ளரித் துண்டு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. சர்க்கரை என்ற பேச்சே கிடையாது. யாழினி பிஸ்கட் கேட்டபோதுகூட, தாத்தா பார்த்தால் கேட்பார் என்று மறுத்துவிட்டேன். வாழைப்பழம் எடுத்து வைத்திருப்பேன். அதை வேண்டாம் என்றது நீங்கள்.

"சானமாவு காடு தாண்டுற வரைக்கும் வண்டியில வாழப்பழம் ஆவாது. பலாவும் ஆவாது, கரும்பும் ஆவாது. யானைக்கு மோப்பம் எட்டும். சூளகிரியில எறங்கி ஒரு சீப்பு வாங்கிக்கலாம்." உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் பையைக்கூட மோந்து பார்த்துத்தான் ஏற்றுவீர்களாம். எல்லோரும் கிண்டல் செய்வோம், ஆனால் மீறமாட்டோம். அன்று உங்கள் சட்டமும் என் சட்டமும் சேர்ந்து, அந்தக் காருக்குள் இனிப்பு என்று ஒரு துளிகூட இல்லாமல் செய்துவிட்டன.

ஒரே ஒரு பாக்கெட் இருந்தது. உங்கள் ஸ்வெட்டர் பையில் கை விட்டு நான் எடுத்த ஆரஞ்சு மிட்டாய்.

"அது இருக்கட்டும் பாப்பா. டாக்டரே வெச்சிக்கச் சொல்லியிருக்காரு."

"ஆமாமா, அப்படியே ரெண்டு லட்டும் தின்னச் சொல்லியிருப்பாரே."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். நம்பாததற்குக் காரணம் இருந்தது. சர்க்கரை விஷயத்தில் நீங்கள் சொல்லாத பொய்யா? கல்யாண வீட்டு ஜாங்கிரியைக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்தவர்தானே நீங்கள். ஆனால் அன்று நீங்கள் சொன்னது நிஜம். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கும், கையில் எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டரிடம் போன அன்றைக்கு நான் உங்களோடு வரவில்லை. வேலைக்குப் போயிருந்தேன்.

"ரெண்டு இட்லியாச்சும் போட்டுட்டுப் போலாமே" என்று கேட்டீர்கள். ஊசி போட்டாகிவிட்டது, கிருஷ்ணகிரியில் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம், கிளம்புங்கள் என்று விரட்டினேன். நீங்கள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் பாக்கெட்டை இந்த முறுக்குக் குழல் டப்பாவில் போட்டு மூடினேன். இதை மட்டும் நீங்கள் திறக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

சானமாவில் வண்டிகள் நின்றன. யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறது என்று வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் மறித்திருந்தார்கள். பனி மூடி, முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. அரைமணி போயிற்று, முக்கால்மணி போயிற்று. முன்சீட்டில் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். முறுக்கைக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தீர்கள். எலுமிச்சைச் சாற்றை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

மிட்டாயைப் பிடுங்கிய கோபம் என்று நினைத்தேன் அப்பா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ஒரு மிட்டாய்க்கு இவ்ளோ வீம்பா? யாழினியே தேவல."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஜெனரல் ஷிப்டு ஆளுங்க ஏறிட்டாங்களா?" என்று கேட்டீர்கள். அதையும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன். "நடிக்காதீங்க" என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தைதான் இன்று வரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

வண்டி ஓட்டிய இவர்தான் முதலில் பார்த்தார். "ஏய், மாமா சட்ட தொப்பலா நனைஞ்சிருக்குது பாரு" என்றார். அந்தக் குளிரில் உங்கள் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த முறுக்கு நழுவிக் கீழே விழுந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடி, வரிசையில் நின்ற கார்களின் கண்ணாடியைத் தட்டினேன். என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. பின்னால் மூன்றாவது காரில் இருந்த ஒரு கன்னட அம்மாள் உங்களை வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "ஷுகரா? ஏனாதரு ஸ்வீட் இதியா?" இனிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். என் பையில் அத்தனை டப்பாக்கள் இருந்தன. இல்லை என்று தலையாட்டினேன். அவர் தன் பேத்தி குடித்துக்கொண்டிருந்த மாம்பழ ஜூஸைப் பிடுங்கிவந்து, உங்கள் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

கால்மணி நேரத்தில் உங்கள் கண் தெளிந்தது. "பாப்பா, யானைங்க போயிருச்சா?" என்று கேட்டீர்கள். அந்த அம்மாளிடம் கன்னடத்தில் நன்றி சொல்லி, அவர் பேத்திக்கு ஜூஸ் வாங்கித் தரச்சொல்லி என்னை ஏவினீர்கள். ரோடு திறந்ததும் ஓசூருக்கே வண்டியைத் திருப்பினோம். கடல் அடுத்த வருஷம் என்றாயிற்று.

திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டீர்கள்.

"அந்த மிட்டாய எங்க வெச்ச பாப்பா?"

"குப்பையில போட்டுட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் என் தப்பு இன்னும் பெரிதாகிவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. நீங்கள் "சரி, போவுது" என்றீர்கள். அன்று சாயந்திரம் தம்பி போனில் பதறியபோது, "ஒண்ணுமில்லடா, நாந்தான் அவசரத்துல சாப்புடாம கெளம்பிட்டேன்" என்று சொன்னீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் வந்து விசாரித்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னீர்கள். "இந்த வயசுல இவ்ளோ அஜாக்கிரதையா இருக்கலாமா" என்று அவர்கள் உங்களைத் திட்டினார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். நான் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு நாலு மாதம் கழித்துப் போனீர்கள். மாரடைப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நான் நம்புகிறேன். நம்பாத நாட்களும் உண்டு.

இவ்வளவு நாளும் இந்தப் பொய் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று டப்பாவிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பார்க்கிறேன். நான் பிரிக்காமல்தான் போட்டேன். இது பிரிக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கு மேல் காலி. வாயை மடித்து ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. நம் வீட்டில் மருந்துச் சீட்டுக்கும் மிச்சமான காபித்தூளுக்கும் அப்படிச் சுற்றுகிற ஆள் ஒருவர்தான்.

யாழினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தாத்தாதாம்மா எடுத்துக் குடுப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு. அம்மாகிட்ட சொல்லாத, அவ சங்கடப்படுவான்னு சொன்னாங்க" என்றாள்.

அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. என் பொய் தெரிந்து, நான்கு மாதம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் கேட்டிருக்கலாமே. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நீங்கள் என்னைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பீர்கள். ஆனால் இந்தப் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு ஒரு இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் மேல் கோபமாகக்கூட வருகிறது.

முறுக்கு சுட்டு முடித்துவிட்டேன். புளிசாதமும் கட்டுகிறேன். புது மிட்டாய்ப் பாக்கெட் ஒன்று கார் டேஷ்போர்டில் இருக்கிறது. வருகிறவர்களில் யாருக்கும் சர்க்கரை இல்லை, ஆனாலும் இனி அது எப்போதும் அங்கே இருக்கும். வாழைப்பழம் சூளகிரியில்தான். காலை இட்லி சாப்பிடாமல் யாரும் வாசல்படி இறங்க முடியாது.

நாளை சானமாவு வந்ததும் தம்பியிடம் சொல்லிவிடப் போகிறேன். அன்று அப்பா தானாகச் சாப்பிடாமல் கிளம்பவில்லை, நான்தான் கிளப்பினேன் என்று. மிட்டாயைப் பிடுங்கியதையும், நடிக்காதீங்க என்றதையும். அவன் என்ன சொல்வானோ தெரியாது. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

அதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

முறுக்குக் குழல் டப்பாவில் வைத்தேன் அப்பா.