லப்ரொப்புக்கு நீங்கள் வாங்கிய ராம்

இஞ்சேருங்கோ, என்ரை ராசா,

நீங்கள் போய் ஒரு வருசமாகி, உங்கள் ஆண்டுப் பூசையும் முடிந்துவிட்டது. சாமியார் உங்கள் பெயரை வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. உங்களிடம் மறைத்த ஒன்றுதான் நினைவில் நின்றது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், அவரும் மன்னித்தார். ஆனால் நான் பிழை செய்தது அவருக்கு இல்லையே? அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் பங்குக் கோயில் மலரில் போடக் கேட்டிருக்கிறேன். சனமும் அறியட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகள் ஜெனி சுவிஸில் ஒரு சைவப் பெடியனை அவர்களின் கோயிலில் கட்டியது உங்களுக்கும் சுட்டதுதான். உங்களுக்கு ஒரு கிழமையில் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை, என்னை மீறி நீங்களும் அவளோடு கதைக்கவில்லை. நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த மாப்பிள்ளையின் மாமி, ஜெனி பாவித்த லப்ரொப் கொம்பியூட்டரையும் கலியாண சீடியையும் கொண்டுவந்து தந்தா. நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள்தான் அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள்.

அந்த லப்ரொப் பழசு. படத்தில் ஜெனி காரால் இறங்குவாள். ஒரு கால் நிலத்தில், ஒரு கால் காருக்குள். அந்த இடத்தில் படம் நின்றுவிடும். எத்தனை தரம் போட்டாலும் அதே இடம்தான்.

"என்ரை பிள்ளையை இறங்க விடுகுதில்லையே இந்தச் சனியன்!" என்று லப்ரொப்பைத் திட்டினீர்கள்.

"பக்கத்து வீட்டு சீடி டெக்கிலை போட்டுப் பாருங்கோவன்" என்று நான் குத்திச் சொன்னேன்.

"சனத்துக்கு முன்னாலை உமக்குத்தானப்பா வெக்கம். நான் ஒரு வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டன்" என்றீர்கள். எனக்காக அப்படிச் சொன்னீர்கள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

சண்டையால் கடலுக்குப் போக அனுமதி இல்லாத மாதங்கள் அவை. வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை சும்மா இருக்குமா? யாழ்ப்பாணம் போய்க் கடையில் விசாரித்தீர்கள். லப்ரொப்புக்கு ராம் என்ற ஞாபகத் தகடு காணாதாம், இன்னொன்று பூட்டினால் படம் நிற்காமல் ஓடுமாம். பச்சைத் தகடு ஒன்றை வாங்கி வந்தீர்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு விளிம்பில் பொன் நிறத்தில் சின்னச் சின்னப் பற்கள். லப்ரொப்பைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இஞ்ச பாரும். சரிச்சு வைச்சு அமத்தினா கிளிக் எண்டு இருந்திடும். என்ரை விரல் மொத்தம், அதுக்குள்ளை போகாது, கண்ணும் தெரியேல்லை. நீர் ஒருக்கா வாரும்."

"எனக்கு ஏலாது. கரண்ட் அடிச்சு ரெண்டுபேரும் சாகவோ?"

"பற்றறியைக் கழட்டிப்போட்டன் பயந்தாங்கொள்ளி. செத்தாலும் ஒண்டாத்தானே போவம்!"

கரண்டுக்கு நான் பயப்படவில்லை. படம் ஓடினால் நீங்கள் பார்த்து அழுவீர்கள், பிறகு அவளோடு கதைப்பீர்கள், என் கோபத்தோடு நான் மட்டும் மிஞ்சிப்போவேன். அதுதான் என் பயம்.

மூக்குக்கண்ணாடியைத் திருத்தக் கொடுத்திருந்தீர்கள். அது வந்தபிறகு பூட்டுவோம் என்று தகட்டை அலுமாரியில் வைத்தீர்கள். கண்ணாடி வந்தது, தகட்டைக் காணவில்லை. நான்தான் எடுத்தேன். பொலித்தீனில் சுற்றிக் கருவாடு போடும் தகர ரின்னுக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் அலுமாரியைக் கொட்டித் தேடினீர்கள். நானும் பக்கத்தில் முழங்காலில் இருந்து தேடினேன். "எலி கொண்டுபோய்க் கலியாணம் பாக்குதாக்கும்" என்று நீங்கள் பகிடி விட்டபோது நானும் சிரித்தேன். எந்த மனத்தோடு சிரித்தேனோ!

மறுபடியும் பட்டினம் போனீர்கள். சண்டையால் தெற்கிலிருந்து வரும் பாதையைப் பூட்டினபிறகு அந்தச் சாமான் வரவில்லை என்று வெறுங்கையோடு வந்தீர்கள். கோபம் ஆறட்டும், எடுத்துக் கொடுப்பேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஒரு விடியற்காலை கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினீர்கள். பிறகு எழும்பவில்லை.

அன்று பின்னேரம் ஜெனி ரெலிபோனில் அழுதாள். "அம்மா, அப்பா என்ரை கலியாணத்தைப் பாத்தவரோ?"

"ஓம் பிள்ளை, பாத்தவர்."

எப்படிச் சொன்னேன் பாருங்கள். பிறகு அவள் எடுத்த நேரமெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன்.

ஆண்டுப் பூசை முடிந்து வந்து அந்த ரின்னைத் திறந்தேன். உப்புக்காற்றில் பற்கள் மங்கிப்போயிருந்தன. ரோச் லைற் எரியாவிட்டால் அதன் முனையை நீங்கள் பென்சில் அழிறப்பரால் தேய்ப்பீர்களே, அப்படித் தேய்த்தேன். பற்றறியைக் கழற்றினேன். மூடியைக் கழற்றினேன். முதலில் தகட்டை மாறிப் பிடித்துவிட்டேன், உள்ளே போகவில்லை. திருப்பிச் சரித்து வைத்து அமத்தினேன். லப்ரொப்பைப் போட்டால் கறுப்பாகவே நின்று 'பீப் பீப்' என்று கத்தியது. அதையும் கெடுத்துவிட்டேனோ என்று உடனே நிற்பாட்டினேன். எல்லாவற்றையும் கழற்றி, மாதாவே என்று இன்னும் இறுக்கி அமத்தினேன். கிளிக் என்றது. வெளிச்சம் வந்தது. சீடியைப் போட்டேன்.

ஜெனி மற்றக் காலையும் நிலத்தில் வைத்தாள். நடந்தாள். உங்கள் நடைதான். தாலி ஏறியது. மாப்பிள்ளை நல்ல முகம். எல்லாம் முடிந்தபிறகு கமெராவுக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிப்பா எண்டு எனக்குத் தெரியும். கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து பக்கத்திலை இருத்துங்கோ. நீங்கள் சொன்னா அவ இருப்பா."

நான் இருந்தேன். இழுத்துவர வேண்டியவரைத்தான் காணவில்லை. நான் ஒரு கிளிக் அமத்தியிருந்தால் இதை நீங்கள் கேட்டிருப்பீர்களே? என் கையைப் பிடித்திருப்பீர்களே?

மலர் அச்சாகி வருமுன் நானே அவளுக்கு ரெலிபோன் எடுப்பேன். "அப்பா பாக்கேல்லை பிள்ளை, நான்தான் விடேல்லை" என்று என் வாயாலேயே சொல்லுவேன். அவள் கத்தட்டும், பேசட்டும். வைக்கிறதென்றால் அவள்தான் வைக்க வேண்டும். நான் வைக்க மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மனுசி,
ஜெனியின் அம்மா
நாரந்தனை