வெறுங்கூடையாய் வந்தது

அக்கா,

உன் கூடைக்கு வார்னிஷ் அடித்துவிட்டார்கள். காலை முழுக்க வெந்நீரும் சீயக்காயுமாகத் தேய்த்தேன். கை சிவந்ததுதான் மிச்சம், நாற்றம் போனபாடில்லை. மூடியைத் திறந்தால் புளிச்சோறும் வாழையிலையும் மணக்கிற கூடை அது. இப்போது புதுக் கட்டில் வாங்கிப் போட்ட மாதிரி வீடு முழுக்க நெடி அடிக்கிறது. பளபளவென்று இருக்கட்டும் என்று அடித்தார்களாம். சோறு கட்டிப் போகிற கூடைக்கு எதற்குப் பளபளப்பு? உள்ளே இருக்கிற சோறு வேர்க்காமல் இருக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து, கண்ணுக்குக் கண் இடம் விட்டுப் பின்னிய மூங்கில் கூடை. அத்தனை கண்ணையும் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வெறுங்கூடையாகத் திருப்பித் தந்தார்கள், அக்கா. ஒரு வாழைப்பழம், ஒரு பிடி சர்க்கரை, ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இதை உன்னிடம் சொல்லிக் கத்தாமல் வேறு யாரிடம் போய்க் கத்துவேன்?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். கம்பெனி ரிசப்ஷனில் அவர்கள் எழுதி வைத்திருக்கும் போர்டைப் படித்த பிறகு, நடந்ததை ஓர் இடத்திலாவது நடந்தபடி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற லைன் நம்முடையது. நீ மானாம்பதியிலிருந்தும் நான் காவாந்தண்டலத்திலிருந்தும் வந்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ் ஏறுவோம். அந்த லைனுக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஹருகா. நீ கூப்பிட்டது அருக்காணி. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கேண்டீன் சாம்பார் அவளுக்கு ஆகவில்லை. கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து, செங்கல் அளவே இருந்த மூடி போட்ட ஒரு மூங்கில் கூடையைத் திறந்து சாப்பிடுவாள். மூடியில் ஒரு சின்னக் குச்சியைச் செருகிப் பூட்டுவாள். இரண்டு நாள் பார்த்தாய். மூன்றாம் நாள் உனக்குப் பொறுக்கவில்லை.

"பாருடி, அந்தப் பொண்ணு தனியா குந்திக்கினு வெறும் சோத்து உருண்டைய துன்னுக்கினு கீது. கொழம்புகூட இல்ல."

எழுந்து போய் உன் டப்பாவிலிருந்த கத்திரிக்காய்ப் பொரியலை அவள் மூடியில் வைத்தாய். அவள் பதறிப் போய் எழுந்து, குனிந்து, கூடையையே உன் பக்கம் தள்ளிவிட்டாள். உள்ளே கறுப்பாக எதையோ சுற்றிய சோற்று உருண்டை. நீ அதைக் கார்பன் பேப்பர் என்று நினைத்து நிதானமாக உரித்துக் கீழே வைத்தாய். அதையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும் என்று அவள் கையைக் காட்டினாள். ஏதோ கடல்பாசியாம். நீ வாயில் போட்டு மென்று முழுங்கிவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் நின்றது. "கவுச்சி கொமட்டுதுடி" என்று என் காதில் சொன்னாய். அவளிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாய்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயே! எச்சில் கை பட்ட பாத்திரத்தைக் கழுவாமல் கொடுப்பேனா என்று வீட்டுக்கு எடுத்துப் போனாய். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் கழுவி, காயவைத்து, உள்ளே வாழையிலை போட்டுக் கொழுக்கட்டையோடு கொடுத்தாய். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, அது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த நாள் கூடை உன்னிடமே திரும்பி வந்தது. உள்ளே அரிசி அப்பளம் மாதிரி ஏதோ ஒன்று, மொறுமொறுவென்று.

"இன்னாடி இது, விடமாட்டேங்கிறா? நான் குடுத்தா அவளும் குடுக்குறா!"

நீ எள்ளுருண்டை போட்டாய். அவள் முள்ளங்கி ஊறுகாய் போட்டாள். நீ சுண்டல், அவள் பீன்ஸ் மாதிரி ஏதோ ஒன்றை வேகவைத்து. லைனில் எல்லோரும் இன்று கூடை யாரிடம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மொழிபெயர்க்கிற தம்பிதான் அவளிடம் கேட்டுச் சொன்னார். "அவங்க ஊர்லயும் இதே வழக்கந்தானாம்க்கா. வந்த பாத்திரத்த வெறுமையா திருப்ப மாட்டாங்களாம். நீங்க நிறுத்துவீங்கன்னு அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"நானும் அவ நிறுத்துவான்னுதான் பாத்துக்கினு கீறேன்! அப்ப இது எப்பதான் நிக்கும்?" என்றாய். தம்பி அதைச் சொன்னதும் அருக்காணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் கூடையைப் பற்றியும் சொன்னாள். அவள் ஊர்ப்பக்கத்தில் கையால் பின்னுவதாம். முதல் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாங்கிக் கொடுத்ததாம். அதைக் கேட்ட பிறகு நீ கூடையைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாய். ஒருநாளும் கீழே வைக்கவில்லை.

இதையெல்லாம் கெடுத்தது எச்.ஆர். சார்தான். கேண்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு ஊழியர்கள் உணவு வழங்கக் கூடாது என்று. அவர்களுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நாங்க இன்னா சார் வெசமா வெச்சிக் குடுக்குறோம்? எங்க வூட்ல நாங்க துன்றததான் குடுக்குறோம்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அதன் பிறகு கூடை கை கழுவுகிற குழாயடியில் கைமாறியது. ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி!

பிறகு ஒருநாள், வீட்டில் மாவு அரைத்து, பாகு காய்ச்சி, பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கூடை நிறையக் கொண்டு வந்தாய். அவள் வரவில்லை. முந்தின நாள் மாலைதான் அவளிடமே சொன்னார்களாம், அப்படியே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். வேறு ஊரில் புது லைனாம். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள விடவில்லை. நீ அந்தக் கடைசி மேசையில் கூடையை வைத்துக்கொண்டு மணி அடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாய்.

"அம்மா குடுத்தத எவளாச்சும் வுட்டுட்டுப் போவாளாடி? அவ வுட்டுட்டுப் போவல. நான்தான் வெச்சிக்கினு கீறேன். என் மொற பாக்கி கீது."

எச்.ஆர். அறைக்குப் போய் அட்ரஸ் கேட்டாய். ஊழியர் விவரம் வெளியே தரக் கூடாதாம். நீங்களே அனுப்பிவிடுங்கள் சார் என்றாய். பார்க்கலாம் என்றார். அவர் எத்தனை முறை பார்க்கலாம் என்றார் என்பது உனக்கும் எனக்கும் அந்த அறை வாசலுக்கும்தான் தெரியும். அதுவரைக்கும் கூடை சும்மா கிடந்தால் பூச்சி அரிக்கும் என்று அதிலேயே சோறு கட்டிக்கொண்டு வந்தாய். சித்திரை வெயிலில்கூட மதியம் வரைக்கும் சோறு நசநசக்கவில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஐப்பசியில் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் மாத்திரையை முழுங்கிக்கொண்டு வேலைக்கு வந்தாயே! லீவு போடு என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "அந்த ரூம் வாசல்ல போயி லீவு கேட்டுக்கினு நிக்கறதுக்குக் காய்ச்சலே தேவலடி" என்றாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் எங்களைத்தான் திட்டினார். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றார். இப்போதும் அந்தக் கேள்வி வந்தால் எனக்கு உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

கட்டிலோரம் இருந்த கூடையை என் பக்கம் தள்ளினாய். "அருக்காணி கைக்குப் போவணும். வெறுங்கூடையா மட்டும் குடுத்துறாதடி, அசிங்கமாப் பூடும்." வீட்டுக்காரரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ சொல்வாய் என்று நினைத்துக் குனிந்தேன். நீ இதைச் சொன்னாய்.

இந்த வருஷம் கம்பெனிக்கு ஆண்டு விழா. ஜப்பானிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று சுவரெல்லாம் வெள்ளை அடித்தார்கள். அதே எச்.ஆர். சார் என்னைத் தேடி லைனுக்கே வந்தார். "அந்தக் கூடை உங்ககிட்டதான இருக்கு? ஒரு வாரம் குடும்மா. நல்ல ஸ்டோரி அது" என்றார். உன்னை அதட்டி அனுப்பிய வாய், அக்கா! எனக்கு வாயில் வந்தது வேறு. ஆனால் வருகிறவர்களோடு ஒருவேளை அருக்காணியும் வரலாம் என்று ஒரு நப்பாசை. முறுக்குச் சுட்டு, கூடையில் போட்டுக் கொடுத்தேன்.

அவள் வரவில்லை. ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் கூடை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. கீழே போர்டு. சிறந்த பணியைப் பாராட்டி ஜப்பானியப் பயிற்சியாளர் நம் ஊழியருக்கு அன்புடன் அளித்த பரிசு என்று தமிழில், இங்கிலீஷில், ஜப்பானிய மொழியில். பரிசாம்! அவள் அம்மா கொடுத்த பொருளை உனக்குப் பரிசாக்கிவிட்டார்கள். திருப்பித் தர முடியாமல் நீ தவித்ததை இரு நாட்டு நட்பு என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உன் பெயர்கூடப் போர்டில் இல்லை. அந்த நோட்டீஸ் மட்டும் கேண்டீனில் இன்னும் அப்படியே இருக்கிறது.

விழா முடிந்தது. கூடை கேட்டுக்கு வந்தது, வெறுமையாக.

பிளாஸ்டிக் பையோடு நேரே எச்.ஆர். சார் அறைக்குப் போனேன். மொழிபெயர்க்கிற தம்பியும் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தார்.

"சார், கூடை காலியா வந்துகீது."

"பத்திரமா குடுத்துட்டோமே. இன்னும் என்னம்மா?"

"நான் காலியா குடுக்கல. முறுக்கு போட்டுக் குடுத்தேன்."

"ஃபுட் ஐட்டத்த டிஸ்ப்ளேல வைக்க முடியாதும்மா, எறும்பு வரும். ஹவுஸ்கீப்பிங்ல தூக்கிப் போட்டிருப்பாங்க."

தூக்கிப் போட்டிருப்பார்களாம். பையை அவர் மேசை மேல் வைத்தேன். குரல் நடுங்கவில்லை, அது உன் புண்ணியம்.

"நீங்களும் ஓரிக்கைப் பக்கந்தான சார்? பக்கத்து வூட்ல இருந்து ஒரு கிண்ணம் கொழம்பு வந்தா, உங்க அம்மா அந்தக் கிண்ணத்த எப்பிடி சார் திருப்பிக் குடுப்பாங்க?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அது வீட்டு விஷயம்மா."

"இதுவும் வூட்டு விஷயந்தான் சார். நீங்கதான் ஆபீஸுக்கு எடுத்தாந்தீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாரி சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சாரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அட்ரஸும் வேண்டாம், கூடை அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் பார்க்கலாம் என்று வாயெடுத்தார். அந்த வார்த்தை பாதியில் நின்றது. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். "விழாவுக்கு வந்த ஜப்பான்காரங்க செவ்வாய்க்கிழமை திரும்பிப் போறாங்க சார். ஹருகா மேடம் அவங்க பிளான்ட்லதான் இருக்காங்க. கையிலயே குடுத்துரலாம்" என்றார் தம்பி. இவ்வளவு லேசான காரியம், அக்கா! நீ உயிரோடு இருந்தபோது செய்திருக்கக் கூடாதா?

நீ போனதையும் அவளுக்குச் சொல்ல வேண்டுமே, எப்படிச் சொல்லச் சொல்வது என்று தம்பி கேட்டார். "கூடைய மொதல்ல குடுக்கச் சொல்லு. அவ தொறந்து பாத்தப்புறம் சொல்லட்டும்" என்றேன்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து தேய்த்தேன். வார்னிஷ் முழுசாகப் போகாது, தெரிந்துவிட்டது. அடியில் வாழையிலை வைத்தால் அத்தனை தூரத்துக்குத் தாங்காது. வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறேன். மத்தியானம் முழுக்கப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்தேன். பாகு சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும் என்று நீ சொன்னபடியே பிடித்து உள்ளங்கை இரண்டும் எரிகிறது. மாதக்கணக்கில் கெடாது. நீ அன்று கொண்டுவந்து நின்றாயே, அதே உருண்டை. எச்.ஆர். சாருக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இருப்பதிலேயே கெட்டியான உருண்டை அது. கடித்துப் பார்க்கட்டும்.

கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது, கீழே பரிசு என்கிற போர்டு மட்டும் இருக்கிறது. அதை எடுக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். நோட்டீஸையும்.

குச்சியைச் செருகி மூடியைப் பூட்டிவிட்டேன். நாளை தம்பி கையில் கொடுத்துவிட்டால் உன் முறை தீர்ந்தது, நிம்மதியாக இரு என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் உறைக்கிறது. அந்தப் பெண் இதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? உருண்டைகளை எடுத்துவிட்டு, கூடையைக் கழுவி, எதையாவது போட்டு, யார் கையிலாவது எனக்குக் கொடுத்தனுப்பத்தான் போகிறாள். வெறுமையாக அனுப்ப அவளால் முடியாது. பிறகு என் முறை. எனக்குப் பிறகு யார் என்று நான் இப்போதே ஆள் பார்க்க வேண்டும்.

நல்ல வேலை வைத்துவிட்டுப் போனாய் போ.