மண்ணீரலுக்குப் பதில்

வியாசர்பாடி
22-6-2003

அன்பு மகன் வல்லரசுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், அதை நலம் என்று சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். தங்கை யசோதராவுக்கு ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது, மாங்காய் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறது என்று டிவியில் சொன்னார்கள், தண்ணீர் நிறையக் குடி, தலையில் துணி கட்டாமல் வேலைக்கு இறங்காதே. உன் கடிதம் போன வாரம் வந்தது. "வுட்டுடும்மா, அப்பாதான் பொழச்சிட்டாரே, எனக்கு இந்த வேலை கெடைக்கக் காரணமே வரதன் சார்தான்" என்று எழுதியிருக்கிறாய். நான் விடவில்லை. இதுவரை போனில் பாதிதான் சொன்னேன், பூத்தில் பின்னால் நிற்கிறவர்கள் காதுபட எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. இப்போது முழுவதும் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

மார்ச் நாலாம் தேதி அப்பாவின் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் ஆரம்பம். பாதுகாப்பு அதிகாரி வரதன் சைக்கிள் ஊர்வலம் வைத்தான். சாதா சைக்கிள் கிடையாது, மலையில் ஓட்டுகிற கியர் சைக்கிள் இருபது வரவழைத்து, கம்பெனிக்குப் பின்னால் எண்ணூர் கடற்கரைப் பக்கம் இருக்கிற மண்மேட்டில் ஏறி இறங்கி ஓட்ட வேண்டுமாம், பேப்பரில் படம் வருமாம். அப்பாவை, ஐம்பத்து மூன்று வயது மனிதரை, "செங்குட்டுவன் சீனியர் ஃபிட்டர், அவர் முதல் வரிசையில வரட்டும்" என்று ஏற்றிவிட்டான். அப்பாவுக்குக் கொடுத்த வண்டியில் கைப்பிடி முனையில் ரப்பர் இல்லை, வெறும் குழாய். அப்பாவோடு வேலை செய்கிற கமால் அதைக் காட்டி, "சார், பைப்பு மொட்டையா கீது, வுயுந்தா குத்திடும், வேற வண்டி குடு சார்" என்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் ஓட்டுவதற்கு இவ்வளவு பேச்சா என்று வரதன் விசிலை ஊதிவிட்டான்.

மேட்டில் ஏறி இறங்கும்போதுகூட ஒன்றும் ஆகவில்லை. கீழே வந்து நிறுத்தப் போகிற நேரத்தில், நடக்கிற வேகத்தில்தான் வண்டி போயிருக்கிறது, முன்சக்கரம் மணலில் புதைந்து திரும்பி அப்பா சரிந்துவிட்டார், அந்தக் குழாய் இடது விலாவுக்குக் கீழே இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்துக்கொண்டே மண்ணைத் தட்டி எழுந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் எட்டணா அளவுக்குச் சிவப்பாய் ஒரு வட்டம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் இடது தோள் வலிக்கிறது என்றாராம். அடி பட்டது வயிற்றில், வலிப்பது தோளில், அது என்னவென்று கேட்க அங்கே விவரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முகம் வெளுத்து வேர்வை ஊற்றியதும் கமால் ஓடிப்போய் ஆம்புலன்ஸ் கேட்டிருக்கிறார். ஆம்புலன்ஸில் விழாவுக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விருந்தினருக்குக் குத்துகிற பேட்ஜும் குண்டூசியும் இருந்தன. வரதன், "சைக்கிள்லேருந்து விழுந்ததுக்கு ஆம்புலன்ஸா? ஒரு சோடா குடுங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டான். சோடாவும் கொடுத்து, பிரியாணியும் தின்ன வைத்து, மயங்கிச் சரிகிற மனிதரை ஒன்றே முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள், வல்லரசு.

கமால் யாரையும் கேட்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பி, பக்கத்து வீட்டுக்கு போன் செய்தார். "யக்கா, அண்ணனுக்குக் கண்ணு சொருவிகினே போவுது, ஒடம்பு ஜில்லுனு கீது, ஸ்டான்லிக்குப் போய்கினு கீறோம், நீ நேரா அங்க வந்துடு" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் வயிறு பலகை மாதிரி இருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கிழித்தார்கள். வெளியே வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், என்னை உட்கார வைத்துச் சொன்னார். "அம்மா, சைக்கிள் கைப்பிடி குத்தினா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள கிழிஞ்சிருக்கும். மண்ணீரல் ரெண்டாப் பொளந்து வயித்துல ரத்தம் ரொம்பிடுச்சு, எடுத்துட்டோம். உடனே படுக்க வெச்சு, வாயில ஒண்ணும் குடுக்காம கொண்டுவந்திருந்தா அதைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்." இனிமேல் அப்பாவுக்குச் சாதாரண ஜுரம் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், உயிருக்கே ஆபத்தாம்.

இதைக்கூட விதி என்று விட்டிருப்பேன். நாலாம் நாள் கம்பெனி அறிக்கையைக் கமால் கொண்டுவந்து காட்டினார். ஊர்வலம் முடிந்து வீடு திரும்பும் வழியில் குடிபோதையில் விழுந்தார், பயிற்சி பெற்ற ஊழியர்கள் அளித்த முதலுதவியை ஏற்க மறுத்தார், கீழே வரதன் கையெழுத்து. நீ பிறந்த நாளில்கூட நண்பர்கள் நீட்டிய கிளாஸைத் தொடாத மனிதர். வார்டு வாசலில் நின்று அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதினானோ அந்த நாற்காலியிலிருந்து இவனை இறக்காமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன். தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு போட்டேன். அது தெரிந்ததும் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தான். "பையன் வெளிநாட்டுல நல்லா இருக்கான்ல, நான் குடுத்த முதலுதவி சர்டிபிகேட்டாலதானே, அதையும் யோசிச்சுக்குங்க" என்றான். அந்த அறிக்கையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்து, "இவரு மூஞ்சியப் பாத்து சத்தமா படி சார்" என்றேன். வராந்தாவில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். 'வீடு திரும்பும் வழியில்' வரைக்கும்தான் அவன் வாய் போனது. ஆப்பிளைப் படிக்கட்டுவரை கொண்டுபோய்க் கொடுத்து அனுப்பினேன்.

விசாரணை போன வியாழக்கிழமை. தைரியமாகத்தான் வந்தான். இருபத்து மூன்று பேருக்கு மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்று பட்டியல் நீட்டினான், போன வருடம் பிப்ரவரி எட்டு, ஒன்பது, பத்து. ஒன்பதாவது பெயர், அப்போது அதே கம்பெனியில் வேலை பார்த்த உன்னுடையது. நீ வெளிநாடு போகும்போது வைத்துவிட்டுப் போன அந்த முதலுதவிச் சான்றிதழ் நகலை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதிலிருந்த தேதியை முந்தின நாளே பார்த்துவிட்டேன். அதையும், கூடவே யசோதராவின் கல்யாண ஆல்பத்தையும் மேசையில் வைத்தேன். பிப்ரவரி பத்தாம் தேதி கல்யாணம். ஆல்பத்தில் மணமக்களுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டு நிற்கிறான் வரதன், பக்கத்தில் நீ. "அந்த மூணு நாளும் என் புள்ள பந்தக்கால் நட்டான், பந்தி பரிமாறினான். பயிற்சி குடுத்தேன்னு சொல்றவரு அந்தப் பந்தியிலதான் சாப்ட்டுகினு இருந்தாரு" என்றேன். ஆய்வாளர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். வரதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் வெளுத்துப்போனதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அதற்குப் பிறகு பட்டியலில் இருந்த மீதிப் பேரும் பயிற்சியே நடக்கவில்லை என்று ஒவ்வொருவராக வாயைத் திறந்துவிட்டார்கள், அறிக்கை பொய் என்று கமாலும் எழுதிக் கொடுத்தார். மறுநாளே வரதனைத் தற்காலிக நீக்கம் செய்து போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள், வழக்கும் வரும் என்கிறார்கள். சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு எதிரில் போய் நின்றேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தான். மூன்றரை மாதம் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். போதுமா என்று அப்பா கேட்டார். போதாது என்றேன்.

உன் சான்றிதழை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், வல்லரசு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அப்போதும் கொடுத்திருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை. அந்தச் சான்றிதழை வைத்து உன்னை அங்கே முதலுதவி ஆள் என்று போட்டிருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். நாளைக்கு உன் முன்னால் ஒருத்தன் விழுந்தால் என்ன செய்வாய், சோடா வாங்கிக் கொடுப்பாயா? உன் கடிதத்தின் கடைசி வரியில், வெள்ளிக்கிழமை மலைப்பக்கம் சைக்கிள் ஓட்டப் போனோம், ரூமில் இருக்கிற தேவப்பிரியம் விழுந்தான், சின்ன அடிதான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அவன் வயிற்றை அமுக்கிப் பார்க்காதே, தோள் வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேள், துளி சந்தேகம் இருந்தாலும் படுக்க வைத்தபடியே டாக்டரிடம் கொண்டுபோ. தலையில் பட்டிருந்தால் தூங்கிவிட்டான் என்று விட்டுவிடாதே, அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பேச்சுக் கொடு, உளறினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கொண்டுபோ. இங்கேயிருந்து உன் கம்பெனிக்குக் கடிதம் வரலாம். அது வருவதற்கு முன்னால் நீயே மேலதிகாரியிடம் போய், இது பொய்ச் சான்றிதழ், எனக்கு நிஜமாகக் கற்றுக்கொடுங்கள் என்று சொல். ஒத்துக்கொண்டால் நல்லது. அனுப்பிவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, சோறு இருக்கிறது. கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள், அப்பாவுக்குக் காட்டாதே.

எந்த அடியும் படாமல் நிமிர்ந்த தலையோடு இரு. அப்பா உன்னைத் தலையைத் தொட்டு வாழ்த்தச் சொன்னார், தொட்டதாக நினைத்துக்கொள். தேவப்பிரியம் எப்படி இருக்கிறான் என்று மறக்காமல் முதல் வரியிலேயே எழுது.

உன் வேலையைப் பணயம் வைத்த
அம்மா,
ரமாபாய்