அப்பா பாட வேண்டிய என் பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் இருமல் நின்றதா என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுது. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்த மிதப்பில் வீட்டில் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு திரிகிறான். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடைவீதியை இடித்துச் சாலையை அகலமாக்குவதா வேண்டாமா என்று தேர்தலில் தெருவே இரண்டுபட்டதும், பஸ் ஓட்டுகிற அப்பா இடிக்கச் சொல்கிற கட்சி, மருந்துக்கடைக்காரம்மா எதிர்க்கட்சி என்று நின்று முகம் பார்க்காமல் போனதும் உனக்குத் தெரியும். இப்போது பாட்டு டீச்சர் இரண்டு பக்கத்து ஆட்களையும் சேர்த்து நூலக மாடியில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாள். அங்கே யாரும் தன் கருத்தைப் பாடக்கூடாது. எதிரே நிற்பவர் என்ன நினைக்கிறார், ஏன் நினைக்கிறார் என்று கேட்டு அதைத்தான் வரிகளாக்கிப் பாட வேண்டும், ஆமாம் என்று அவர் தலையாட்டினால்தான் தபலா சேரும்.

அப்பாவுக்கு ஜோடி மருந்துக்கடைக்காரம்மா. மாலையானால் சவரம், தேய்த்த சட்டை. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு தெரியுமா என்று வந்து என்னிடமே சொல்கிறார், குளிக்கும்போது அந்தம்மாவின் வரியை முணுமுணுக்கிறார். அம்மாவுக்கு வயிறு எரியுதுப்பா, அந்தக் கடையிலயே ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்க என்கிறான் உன் தம்பி. எரியத்தான் செய்கிறது, உன்னிடம் மறைப்பானேன். அவள் தங்கமான மனுஷி, குரலும் நன்றாக இருக்கிறது, அதுவே தாங்கவில்லை. தலைவலி மாத்திரைக்கு இப்போது இரண்டு தெரு தள்ளிப் போகிறேன். சந்தேகம் ஒன்றும் இல்லை, நீ வேறு எதையாவது நினைத்துக்கொள்ளாதே. கல்யாணமானதிலிருந்து ஓட்டுப்போட ஒன்றாகத்தான் போகிறோம், யாருக்குப் போட்டாய் என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை. தன் கட்சிக்கே நானும் போடுவேன் என்று அவ்வளவு நிச்சயம். போன தடவை நான் அதற்குப் போடவில்லை. வாய் திறந்து நாலு பேரோடு நான் பேசுகிற ஒரே இடம் அந்தக் கடைவீதி, அதை இடிக்க நானே எப்படிப் போடுவேன்? என்னைக் கேட்காத கேள்வியை ஊரில் ஒருத்தியிடம் தினமும் உட்கார்ந்து கேட்கிறார்.

நேற்று நானே மாடி ஏறினேன். கூச்சத்தில் பாதிப் படியில் திரும்பிவிடத்தான் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் போய் நின்றதும் அப்பா, நீ நம்ம ஆளாச்சே, அங்க என்ன பண்ற என்றார். அத அவங்ககிட்டயே கேளுங்க சார், இனி உங்களுக்கு ஜோடி அவங்கதான் என்று சிரித்தபடி அந்தம்மா நகர்ந்துகொண்டாள். என் புருஷனை எனக்கே விட்டுக்கொடுக்கிறாளாம், அதற்கும் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. அவர் பக்கத்தை நான் கேட்கவே வேண்டாம், எல்லாம் மனப்பாடம். என் பக்கத்தை அவர் இன்னும் கேட்கவில்லை. அடுப்படி வாசல்வரை வருகிறார், தண்ணீர் குடிக்கிறார், போய்விடுகிறார். நானாகச் சொல்வதாக இல்லை.

அப்பா உனக்குப் போன் செய்து அம்மா என்ன நினைக்கிறாள் என்று விசாரித்தால் தெரியாது என்று சொல்லிவிடு, மறந்துபோய் உளறிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

இதை மடிக்கும்போது மறுபடியும் தண்ணீருக்கு வந்தார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இன்னும் இங்கேயே நிற்கிறார்.