எண்ணெய் படாத வீக்கம்

பாரிஸ் லா சப்பலில் எங்கள் பலகாரக் கடையின் பின்கட்டில் இன்று மல்லிக் குடிநீர் மணந்தது. என் விரல்கள் வீங்கியிருப்பதைக் கண்டு அடுப்படி அண்ணை காய்ச்சித் தந்தார். "குடியும் பிள்ளை, எதிர்ப்புச் சக்தி கூடும்" என்றார். கோப்பையை வாங்கியதுமே உன் சிரிப்புத்தான் கேட்டது.

இதே மேசையில்தானே நாமிருவரும் மரக்கறி ரோல்ஸ் சுற்றினோம். ஒரு குளிர்காலம் முழுவதும் காலையில் உன் விரல்களும் மணிக்கட்டும் வீங்கி மடங்கவில்லை. பாரிஸ் குளிர் எலும்பில் ஏறிவிட்டது என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னோம். எந்த நோவுக்கும் குளிரைத்தானே நாங்கள் பிடிப்போம்! வெயில் வந்தது, வீக்கம் போகவில்லை.

அப்போதுதான் கொதியெண்ணெய் தெறித்து என் மணிக்கட்டு சிவந்து வீங்கியது. நீ உன் மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். அதே சிவப்பு, அதே சூடு.

"உனக்கு எண்ணெய் பட்டது. எனக்கு என்னடி பட்டது?"

அந்தக் கேள்வியோடு மூட்டு வைத்தியரிடம் போனாய். பிரெஞ்சு பேச நான் கூட வந்தேன். காயத்தை ஆற்ற உடம்பே மூட்டுகிற நெருப்புத்தான் அழற்சி, வேலை முடிந்தால் அணைந்துவிடும் என்றார் அவர். உனக்கோ காயமே இல்லை. உடம்பின் காவலான எதிர்ப்புச் சக்தி உன் மூட்டுகளையே அந்நியம் என்று நினைத்து நெருப்பு வைக்கிறதாம். கனநாள் எரிந்தால் மூட்டே அழிந்துபோகுமாம்.

"வளத்த கடா மார்பிலை பாய்ஞ்ச கதை" என்றாய். பயப்படுவாய் என்று பார்த்தால், "அதுக்கு ஏன் என்னைத் தெரியாமல் போச்சுதெண்டு கேள்" என்று என்னை இடித்தாய். கேட்டேன். முழுக்கத் தெரியாது என்று வைத்தியர் கையை விரித்தார். அதனாலேயே அவரை உனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தக் காவலை அடக்கத்தான் உனக்கு மருந்து. அண்ணையோ அன்றைக்கும் குடிநீர் காய்ச்சினார்.

"சும்மாவே சண்டைக்கு நிக்குது, நீங்கள் அதுக்குச் சோறும் போடுறியளே அண்ணை!" என்றாய். அவர் மனம் நோகாமல் குடித்தும் விட்டாய்.

பிறகு அந்த அழற்சி நுரையீரலுக்கும் போனது. நீயும் போய்விட்டாய். எனக்கு உன்னைத் தேடுகிறது.

"குளிரெண்டு விட்டிடாதையடி. விடிய எழும்பி விரலை மடக்கிக் கையைப் பொத்திப் பார்" என்பாய். தினமும் பார்க்கிறேன். இந்தக் கிழமை என் கை பொத்த வரவில்லை. நாளைக் காலை வைத்தியரைப் பார்க்க நேரம் கேட்டு ரொந்தேவு எடுத்திருக்கிறேன். பயம்தான். உனக்கு வந்த வருத்தமாகவும் இருக்கலாம், வேறொரு நோயாகவும் இருக்கலாம்.

அண்ணையின் குடிநீரைக் குடித்து முடித்தேன். நாளைக்கு நான் கொண்டுபோவது உன் கேள்வியைத்தான்: எனக்கு என்ன பட்டது?