படகேறி வந்த அம்மாக்கள்

அன்புள்ள மல்லிகாக்கா,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை வருகிறது. பதில் வராது என்று தெரிந்தும் அந்த வரியை அடித்துவிட மனசில்லை. இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வேங்கிக்காலில் என் ஜெராக்ஸ் கடை எப்போதும் போல ஓடுகிறது. உன் மகள் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு செய்தி இருக்கிறது. நீ காத்திருந்த அந்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நம் அம்மாவுக்கு முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். மலை சுற்ற வந்த இடத்தில் வலி கண்டு, பேச்சு மூச்சில்லாமல் யாரோ கொண்டுவந்து சேர்த்தவள். குழந்தையைப் பெற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அழுத குழந்தையை அம்மா எடுத்துப் பால் கொடுத்தாள். நம் ஊர் அடி அண்ணாமலைக்குத் திரும்பும்போது அந்தக் குழந்தை அவள் மடியில் இருந்தது. அதுதான் நீ. நான் அதற்கப்புறம் சில வருஷம் கழித்துப் பிறந்தேன்.

இதை நம் வீட்டில் யாரும் மறைத்ததில்லை. அதனால் ஊரும் கேட்கத் தயங்கியதில்லை. "ஏண்டி, உங்கம்மா எந்த ஊருடி?" என்று கிணற்றடியில் கேட்பார்கள். "உள்ள சோறாக்கிட்டு இருக்காங்க, போய்க் கேளுங்க" என்பாய். அப்போது உனக்கு ஏழெட்டு வயசு இருக்குமா?

பிறகு நீ கிராம நர்ஸ் ஆனாய். மொபெட்டில் ஊர் ஊராகப் போனாய். கர்ப்பமான பெண்களிடம் நீ முதலில் கேட்பது, கூட யார் இருக்கிறார்கள் என்பதுதான். யாரும் இல்லை என்று ஒருத்தி சொன்னால், அவள் வீட்டுக்கு அடிக்கடி போவாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

கயல்தான் அந்தச் சோதனைக்கு உன்னைச் சம்மதிக்க வைத்தாள். சென்னையிலிருந்து வந்தபோது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தாள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால், தாய் வழியில் எந்தக் கிளை என்று சொல்வார்களாம். "ஊரெல்லாம் ஊசி போட்டவளுக்கே டெஸ்டா?" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாய். அதற்கப்புறம் கொஞ்ச நாளில், தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது. முடிவு மின்னஞ்சலில் வந்தபோது வீட்டில் உனக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தோம்.

கயல் அதைத் திறக்கவே இல்லை. பல மாசம் கழித்து ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தாள். "மாமா, தனியாப் பாக்க முடியல. நீங்க பக்கத்துல இருங்க" என்றாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் பார்த்தோம்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கிளைப் பெயர், ஒரு உலகப் படம், கடல் மேலே அம்புக்குறிகள். கயல் படித்துப் படித்துச் சொன்னாள். தாயின் உடம்பிலிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு டி.என்.ஏ. இருக்கிறதாம். மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். ஆனால் மகள் வழியாக மட்டும்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ரொம்பக் காலத்துக்கு ஒருமுறை அதில் சின்ன மாற்றம் விழும். அந்த மாற்றங்களை வைத்துத்தான் கிளை பிரிக்கிறார்கள்.

உன் கிளை, அக்கா, தென்கிழக்கே இருக்கிற தீவுகளில் வாழ்கிறவர்களிடம் அதிகம் காணப்படுவது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் தைவான் பக்கமிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று தீவு தீவாக இறங்கி வந்த கடலோடிகள். படகின் பக்கவாட்டில் ஒரு மிதவைக் கட்டையைப் பிணைத்து, அலையில் கவிழாமல் போகக் கற்றவர்கள். அவர்களில் சிலர் கிழக்கே பசிபிக் தீவுகளுக்குப் போனார்கள். சிலர் மேற்கே இந்தியப் பெருங்கடலையே தாண்டி மடகாஸ்கர் வரைக்கும் போனார்கள். நட்சத்திரத்தையும் அலையின் போக்கையும் பறவைகள் திரும்பும் திசையையும் பார்த்துப் போனார்களாம். கிழங்கு, வாழைக்கன்று, கோழி எல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு.

"ஆம்பளைங்க மட்டும் போயிருந்தா இது அந்தத் தீவுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்காது மாமா. படகுல பொம்பளைங்களும் இருந்திருக்காங்க" என்றாள் கயல்.

அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். நடுக்கடலில் யாருக்காவது வலி கண்டிருக்குமே? அவள் கையைப் பிடித்துக்கொள்ள உன்னைப் போல ஒருத்தி அந்தப் படகில் இருந்திருப்பாளா?

"சரி, அங்கிருந்து திருவண்ணாமலைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது தெரியாது மாமா. பழைய காலத்து வியாபாரக் கப்பல்ல வந்திருக்கலாம். மலேயா தோட்டத்துக்குப் போன நம்ம ஆளு யாராவது அங்க கட்டிக்கிட்டு வந்திருக்கலாம். இந்த ரிப்போர்ட் பேரு சொல்லாது, ஊரு சொல்லாது. அம்மாவுக்கு எத்தனையோ ஆயிரம் முன்னோர் இருப்பாங்க. இது அதுல ஒரே ஒரு நூலுதான்."

பிறகு அவளே சொன்னாள்: "அம்மாகிட்ட இருக்கறது எனக்கும் வந்திருக்கு. எனக்குப் பொண்ணு பொறந்தா அவளுக்கும் போகும்."

"எனக்கு?"

"உங்களுக்குப் பாட்டியோடது மாமா. அது வேற."

தெரிந்த விஷயம்தானே. ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது எங்கேயோ லேசாக வலித்தது. ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். கடல் தாண்டிய வம்சம் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் யோசித்தேன். பக்கத்து ஊர்க் கிளை என்று முடிவு வந்திருந்தால், நீ எனக்குக் குறைந்துபோயிருப்பாயா?

இனி கல்யாணச் சேதி. மாப்பிள்ளை பிரபு, கயல் கூட வேலை பார்க்கிறவன், ஆரணிக்காரன். அப்பா இல்லை. அவனும் அவன் அம்மாவும் பெண் பார்க்க உன் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் நிதானமாக விசாரித்தார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"பொண்ணோட அம்மா வழி யாருங்க? பூர்வீகம் எது?"

"அடி அண்ணாமலைங்க. நான்தான் தாய்மாமன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

கயல் காபித் தட்டை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, எங்க பாட்டி எங்கம்மாவ ஆஸ்பத்திரில இருந்து எடுத்து வளர்த்தாங்க. பெத்தவங்க யாருன்னு தெரியாது. பிரபுவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியணும்னு சொல்றேன்."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எதுவுமே தெரியாதா?"

"பேரு, ஊரு, சாதி எதுவும் தெரியாது. ரொம்ப ரொம்ப முன்னாடி கடல் தாண்டி வந்தவங்கன்னு மட்டும் டெஸ்ட்ல தெரிஞ்சுது."

"கடலா? எந்தக் கடலும்மா?"

கயல் படகுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க கூடப்பொறந்தவரு இல்லையா?"

அக்கா, நான் என்ன சொல்வது? ஆமாம் என்பதா, இல்லை என்பதா? உன் வீட்டுக்காரர்தான் பேசினார். நாலு பேர் நடுவில் அவர் பேசி நீ பார்த்திருக்கிறாயா?

"ஏங்க, நான் மல்லிகாவக் கட்டிக்கிட்டுக் கூட்டிட்டுப் போனப்ப இவன் மீசை மொளைக்காத பையன். ஜீப்புக்குப் பின்னாடியே அழுதுகிட்டு ஓடி வந்தான். அவ போன அன்னிக்கு என்னவிட இவன்தான் ஜாஸ்தி அழுதான். கூடப்பொறக்கறதுன்னா இதுக்கு மேல என்னங்க?"

அந்த அம்மா, "போய்க் கலந்துகிட்டு சொல்றோங்க" என்று எழுந்துகொண்டார். பிரபு வாசலில் நின்று கயலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

"நான் தப்பாப் பேசிட்டனா மாமா?" என்று கயல் கேட்டாள். "இல்லடி கண்ணு" என்றேன். அந்த வாரம் முழுக்க யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, ஆரணில இருந்து பிரபு அம்மா பேசறேன். எங்க ஆளுங்க ரெண்டு பேரு வேணாம்னாங்க. நான் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மறைச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? வீட்டுக்கு வரப் போறவ மொத நாளே உண்மையச் சொன்னா. எனக்கு அது போதும்னுட்டேன்." தொடர்ந்து, "தாய்மாமன் நீங்க, தட்டு மாத்தறதுக்கு நல்ல நாளு நீங்களே பாருங்க. அப்புறம் அந்தக் கடல் கதைய இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. லேமினேஷனுக்கு நின்ற பெரியவர், "என்னாச்சு தம்பி, கெட்ட சேதியா?" என்றார். "இல்லீங்க, எங்க அக்கா பொண்ணுக்குக் கல்யாணம்" என்றேன்.

பத்திரிகை வாசகத்தை நானும் கயலும்தான் எழுதினோம். பெண்ணின் பாட்டிகள் பேர் போடும் இடத்தில் அவள் ஒன்று கேட்டாள். உன்னை வளர்த்த நம் அம்மாவின் பேருக்கு மேலே, உன்னைப் பெற்ற தாய் என்று ஒரு வரி போட்டு, பேருக்கான இடத்தைச் சும்மா விட வேண்டும் என்றாள். ஆரணிக்குப் போன் பண்ணிக் கேட்டோம். "போடுங்க" என்றார் அந்த அம்மா.

நேற்றுத் தேரடி வீதி அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "சார், பாட்டி பேரு ஒண்ணு விட்டுப்போச்சு. சொல்றீங்களா, சேத்துடறேன்?"

"விட்டுப்போகலங்க. அப்படியே அடிங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை. இரண்டாவது முறை கேட்காமல் அடித்துக் கொடுத்துவிட்டார். உறை பிரிக்காத ஒன்றை உன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீதான் முதலில் பிரிக்க வேண்டும்.

ஆவணியில் முகூர்த்தம். மாலையை எடுத்துக் கயலின் கழுத்தில் போடுகிறவன் நானாகத்தான் இருப்பேன். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் காது குத்தும்போதும் என் மடியில்தான் உட்கார வைப்பேன். அது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பொறந்த தம்பி,
சிவா